வரிசை வீடுகளைப் பார்ப்பது எப்படி: ராயல் கிரெசன்டில் பழகிக்கொண்டு ஜார்ஜ் டவுனில் இறங்குவது

பழைய வீடு என்றால் நாம் தூணைப் போட்டோ எடுப்போம், கதவைப் போட்டோ எடுப்போம், திண்ணையில் பூனை படுத்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். தப்பில்லை. ஆனால் சென்னை ஜார்ஜ் டவுனில், தங்கசாலைத் தெருவிலும் தம்பு செட்டித் தெருவிலும் பவளக்காரத் தெருவிலும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளைத் தனித்தனி வீடாகப் பார்த்தால் பாதிதான் தெரியும். அவை ஒன்றோடொன்று ஒட்டி, பக்கத்துச் சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு, ஒரே கட்டடமாக நிற்பவை. உரிமையாளர்கள்தான் பல பேர். வீட்டின் அகலம், ஜன்னல் இருக்கும் இடம், வெளிச்சம் வரும் வழி, மழைத்தண்ணீர் போகும் வழி, ஏன், பக்கத்து வீட்டுக்காரரோடு வரும் சண்டைகூட, எல்லாமே அந்தப் பொதுச்சுவரிலிருந்துதான் தொடங்குகிறது.

இப்படி ஒட்டிக் கட்டும் வீடுகளைப் பற்றிச் சட்டம் மேல் சட்டமாகப் போட்டு, அதைக் கட்டடத்தின் முகத்திலேயே தெரியும்படி விட்டுவைத்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அதனால் கண்ணைப் பழக்க முதலில் அங்கே போங்கள், ஃபோனில்தான். பழகியபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாரிமுனையில் இறங்கலாம். நான் பொறியாளர் இல்லை, பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் சுவர் பார்க்கிற ஆள், அவ்வளவுதான். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

வீட்டில் உட்கார்ந்தபடியே

வரைபடத்தைத் திறந்து இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ராயல் கிரெசன்ட் என்று தேடுங்கள். 1767இல் தொடங்கி 1774இல் முடித்த வரிசை, வடிவமைத்தவர் ஜான் வுட், அதாவது அதே பெயருள்ள அப்பாவுக்குப் பிறந்த மகன். முப்பது வீடுகள், எதிரே புல்வெளி, பிறை வடிவில் வளைந்து நிற்கும். முன்பக்கம் முழுக்க 114 தூண்கள், அயோனிக் பாணி, தலையில் இரண்டு பக்கமும் சுருள். அந்தத் தூண்கள் தரையிலிருந்து எழும்பவில்லை என்பதைக் கவனியுங்கள். தரைத்தளம் அலங்காரம் இல்லாத வெறும் சுவர், அதற்கு மேலேதான் தூண் தொடங்கி இரண்டு மாடி உயரத்துக்குப் போகிறது.

இப்போது ஒரு வேலை. ஒரு வீடு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று முன்பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். முடியாது, தடுமாறுவீர்கள். முப்பது குடும்பம் இருக்கிற இடத்தை ஒரே அரண்மனை போலக் காட்டவேண்டும் என்பதுதான் அந்த வடிவமைப்பின் நோக்கமே. கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, வாசல் கதவுகளை எண்ணுவது. இன்னொன்று, கூரையைப் பார்ப்பது. புகைபோக்கிகள் கூட்டம் கூட்டமாக எங்கே எழும்புகிறதோ அங்கே கீழே பொதுச்சுவர் இருக்கிறது, ஏனென்றால் இரண்டு வீட்டு அடுப்புகளும் அந்தச் சுவரோடுதான் ஒட்டியிருக்கும். முகப்பு மறைத்ததைக் கூரை காட்டிக்கொடுத்துவிடும். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்: குழப்பமாக இருந்தால் மேலே பார்.

அப்புறம் வரைபடத்தைச் சாட்டிலைட் காட்சிக்கு மாற்றி, பின்பக்கத்தைப் பாருங்கள். எனக்கு முகப்பைவிட இதுதான் பிடிக்கும். முன்னால் அவ்வளவு ஒழுங்காக இருந்த வரிசை பின்னால் ஒரு வீடு நீட்டிக்கொண்டு, ஒன்று உள்வாங்கி, கூரை ஏற்ற இறக்கமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் கிடக்கும். காரணம் எளிது. முகப்பின் இவ்வளவு நீளம் உனக்கு என்று வாங்கியவர், முகப்பை வுட் போட்ட படத்தின்படியே கட்டவேண்டும், அதற்குப் பின்னால் தன் ஆளை வைத்துத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ளலாம். முகப்பு ஊருக்கு, பின்கட்டு வீட்டுக்காரருக்கு. ராயல் கிரெசன்டை அழகு அழகு என்று எழுதுகிறவர்களில் பாதிப்பேர் பின்பக்கம் போனதே இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அந்த ஊருக்கான முகப்பு எவ்வளவு கண்டிப்பான விஷயம் என்பதற்கு 22ஆம் எண் வீடு. 1970களில் அந்த வீட்டம்மா தன் கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டார். மற்ற கதவுகள் எல்லாம் வெள்ளை. நகர மன்றம் மாற்றச் சொன்னது, அவர் மாட்டேன் என்று மேல்முறையீடு வரை போய் ஜெயித்தார். கதவு இன்னும் மஞ்சள்தான், தெருக்காட்சியில் பார்த்தால் கண்ணில் படும்.

ஜன்னலில் நின்று நிதானியுங்கள்

மற்றதை எல்லாம் மேலோட்டமாகப் பார்த்தாலும் பரவாயில்லை, ஜன்னலில் மட்டும் நேரம் போடுங்கள். லண்டன் வீடு ஒன்றின் வயதை உத்தேசமாகச் சொல்ல ஜன்னலைவிட நல்ல சாட்சி கிடையாது. ஏன் என்று தெரியவேண்டுமானால் 1666க்குப் போகவேண்டும். அந்த ஆண்டு லண்டன் எரிந்தது, மரவீடுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பற்றிக்கொண்டு நாலைந்து நாளில் பழைய நகரத்தின் பெரும்பகுதி சாம்பல். மறு ஆண்டே சட்டம் வந்தது: வெளிச்சுவர் செங்கல் அல்லது கல்லில்தான் இருக்கவேண்டும், வீடுகளுக்கு நடுவே இருக்கிற பொதுச்சுவர் இன்ன கனம் இருக்கவேண்டும், எந்தத் தெருவில் எத்தனை மாடி வரலாம் என்று எல்லாம். 1707இல் இன்னொன்று: கூரை விளிம்பில் மரத்தால் செய்த அலங்கார விளிம்பு கூடாது. அதனால் சுவரையே மேலே தூக்கிக் கைப்பிடிச்சுவராக்கி, கூரையை அதன் பின்னால் ஒளித்தார்கள். ஜார்ஜிய வீடுகளை, அதாவது ஜார்ஜ் என்ற பெயருள்ள மன்னர்கள் காலத்து வீடுகளை, தெருவிலிருந்து பார்த்தால் மொட்டையாகத் தெரிகிற காரணம் இதுதான், ரசனை எல்லாம் அப்புறம்.

1709இல் ஜன்னலுக்கே வந்துவிட்டார்கள். மரச்சட்டம் சுவரின் முகத்தோடு முகமாக இருக்கக்கூடாது, நாலு அங்குலம், அதாவது ஒரு செங்கல் அகலம், உள்ளே தள்ளி வைக்கவேண்டும். வெளியே தீ வந்தால் மரம் பிடித்துக்கொள்ளக்கூடாது என்று. 1774இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மேலும் கீழும் நகர்கிற சாஷ் ஜன்னலின் எடைக்கல் தொங்கும் மரப்பெட்டியையே செங்கலுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. ஆக, லண்டனில் ஒரு ஜன்னலைப் பெரிதாக்கிப் பாருங்கள். மரச்சட்டம் சுவரோடு ஒட்டி, மரம் நன்றாகக் கனமாகத் தெரிந்தால் அது பழசு. உள்ளே தள்ளி இருந்து, ஆனாலும் மரப்பெட்டி கண்ணுக்குத் தெரிந்தால் அதற்கடுத்த காலம். மெல்லிய கோடு மட்டும் தெரிந்து மற்றதெல்லாம் செங்கலுக்குள் மறைந்திருந்தால் 1774க்குப் பிறகு. இது கணக்குப்போட்ட மாதிரி எப்போதும் சரியாக வராது, அரசு போட்ட இந்தச் சட்டங்கள் லண்டனுக்குத்தான், மற்ற ஊர்கள் மெதுவாகப் பின்தொடர்ந்தன, ஒட்டுப்போட்ட வீடுகளும் உண்டு. ஆனாலும் பத்தில் ஏழு எட்டுக்குக் கைகொடுக்கும்.

கண்ணாடியையும் எண்ணுங்கள். மேல் பாதியில் ஆறு, கீழ் பாதியில் ஆறு என்று சின்னச் சின்னக் கண்ணாடிகள் என்றால் ஜார்ஜிய வழக்கம். கண்ணாடி மீதிருந்த வரி 1845இல் போனது, பெரிய கண்ணாடி மலிவானது, அப்புறம் மேலே ஒன்று கீழே ஒன்று என்று வந்துவிட்டது. பெரிய கண்ணாடியின் எடையைத் தாங்க மேல் சட்டத்தின் இரண்டு மூலையிலும் கீழ்நோக்கி ஒரு சின்னக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்தால் விக்டோரியா காலம் என்று சொல்லிவிடலாம்.

செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது ஜன்னல் வரி. 1696 முதல் 1851 வரை அப்படி ஒரு வரி இருந்தது உண்மைதான், வரிக்குப் பயந்து அடைத்தவர்களும் உண்டு. ஆனால் அடைத்த ஜன்னல் எல்லாமே வரியால் அல்ல. உள்ளே புகைபோக்கியோ மாடிப்படியோ இருக்கிறது, அந்த இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது, ஆனால் வெளியே வரிசை தப்பக்கூடாது என்பதற்காகப் பொய் ஜன்னலாகவே கட்டியவை ஏராளம். யாராவது வரிக்கதை சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, அந்த ஜன்னலுக்கு நேர் மேலே புகைபோக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

மாடிகளின் உயரமும் ஒரு பேச்சுப் பேசும். முதல் மாடி ஜன்னல்தான் எல்லாவற்றிலும் உயரம், விருந்தாளிகளை உட்காரவைக்கும் கூடம் அங்கே. மேலே போகப்போக ஜன்னல் குள்ளமாகும், உச்சியில் கூரையடியில் வேலைக்காரர்கள் படுக்கை. கீழே, தெருவுக்கும் கீழே சமையலறை. நடைபாதையில் வட்டமான இரும்பு மூடி ஒன்று இருக்கும், அதைத் திறந்து கரியைக் கொட்டினால் நேரே நிலவறைக்குப் போய்விடும், கரிமூட்டைக்காரர் வீட்டுக்குள் கால் வைக்கவேண்டியதே இல்லை. அந்த 1774 சட்டம் வீடுகளையே நாலு தரமாகப் பிரித்தது, மதிப்பும் பரப்பளவும் வைத்து. 850 பவுண்டுக்கு மேல் மதிப்பும் 900 சதுர அடிக்கு மேல் தரைப்பரப்பும் உள்ளது முதல் தரம், 150 பவுண்டுக்கும் 350 சதுர அடிக்கும் குறைவானது நாலாம் தரம். தரத்துக்குத் தரம் சுவர்க்கனம் வேறு. நாலாம் தர வரிசைகள்தான் நிறைய இடிந்து போயின. நின்று நிலைத்தது பணக்காரர் வரிசைகள், ஆகவே நாம் பார்க்கும் பழைய லண்டன் கொஞ்சம் பணக்காரத்தனமாகத்தான் தெரியும்.

இனி பாரிமுனை

ஞாயிறு காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். கடை ஷட்டர்கள் மூடியிருக்கும், தள்ளுவண்டியும் மீன்பாடி வண்டியும் அதிகம் இருக்காது, தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் யாரும் மோதமாட்டார்கள். அளவு டேப் ஒன்று, நோட்டுப்புத்தகம், ஃபோன் போதும். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். திண்ணையை அளக்கக் குனிந்ததுமே உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: “இன்னாப்பா அளக்குற, கார்ப்பரேசன்லருந்தா?” உடனே நிமிர்ந்து, “இல்ல ஆயா, பழைய வீடுன்னு பாக்க வந்தேன், அளக்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், கேட்காமல் அளந்தால் சொத்து வரிக்காரன் என்றோ புரோக்கர் என்றோதான் நினைப்பார்கள், அவர்கள் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது.

இந்த ஊர் இங்கே இருப்பதற்கே ஒரு இடிப்புதான் காரணம். புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டி இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் இப்போது உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கம் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, 1749இல் திரும்பக் கொடுத்தபிறகு, எதிரி மறைந்து வரக்கூடாது என்று கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமென்றார்கள் ஆங்கிலேயர்கள், வீடுகள் போயின. இந்த எல்லைக்கு இந்தப் பக்கம் கட்டாதே என்று 1773இல் கல்தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்றுதான் மிச்சம், பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

ராயல் கிரெசன்டில் செய்ததையே இங்கேயும் செய்யவேண்டும், ஆனால் சாட்சிகள் வேறு. இங்கே புகைபோக்கி கிடையாது. மேலே பார்த்தால் கைப்பிடிச்சுவரில் சின்னத் தூண்முனையோ, கலசம் போன்ற சுதை வேலையோ, நடுவில் ஒரு வளைவோ இருக்கும். ஒரு வீட்டின் வேலைப்பாடு முடிந்து அடுத்ததன் வேலைப்பாடு தொடங்கும் இடம்தான் பொதுச்சுவர். அந்த வளைவில் பல வீடுகளில் ஆண்டு எழுதியிருப்பார்கள். அதை அப்படியே நம்பி வீட்டின் வயது என்று எழுதிவிடாதீர்கள், முகப்பைப் புதுப்பித்து மாடி எடுத்த ஆண்டாகவும் இருக்கலாம். பின்கட்டு அதைவிடப் பழசாக இருப்பது சர்வசாதாரணம்.

அடுத்து அகலம். முகப்பு குறுகல், உள்ளே நீளம், இதுதான் இந்தத் தெருக்களின் அமைப்பு. இங்கிலாந்திலும் அப்படித்தான். தெருமுகப்பு விலை அதிகம் என்பது ஒரு காரணம், இரண்டு சுவருக்கு நடுவே போடுகிற கட்டையின் நீளம் இன்னொரு காரணம். திண்ணையின் முன்விளிம்பை அளந்தால் வீட்டின் அகலம் கிடைத்துவிடும். நாலைந்து வீடுகளை வரிசையாக அளந்து எழுதிப் பாருங்கள். அளவுகள் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து, நடுவில் ஒன்று மட்டும் சரியாக இரண்டு மடங்கு என்றால், இரண்டு மனையைச் சேர்த்திருக்கிறார்கள். பாதியாக வந்தால் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. அப்படிப் பிரித்த வீட்டில் வாசல் நிலைக்கு நடுவிலேயே சுவர் எழுப்பியிருப்பதைக்கூடப் பார்க்கலாம்.

ராயல் கிரெசன்டில் முகப்பை ஒருவர் வரைந்தார், எல்லோரும் கட்டினார்கள். இங்கே யாரும் வரையவில்லை. ஆனாலும் ஒரு ஒழுங்கு இருக்கும், ஏனென்றால் எல்லோருக்கும் அதே தேக்குக்கட்டை, அதே திண்ணை உயரம், அதே மேஸ்திரிக் கூட்டம். எனக்கு இந்த ஒழுங்குதான் அதிகம் பிடிக்கும், வற்புறுத்தாமல் வந்தது என்பதால்.

திண்ணை உயரத்தை அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தார் மேல் தார் போட்டுப் போட்டு ரோடு ஏறிவிட்டது, அதனால் ஒரு காலத்தில் இடுப்பளவு இருந்த திண்ணை இன்றைக்கு முழங்காலுக்கு வந்திருக்கும், சில வீடுகள் ரோட்டைவிடத் தாழ்ந்தே போய்விட்டன. படிகளை எண்ணினால் தெரியும். கீழ்ப்படி பாதி புதைந்திருக்கும். இங்கிலாந்திலும் தெரு ஏறியது, ஆனால் அது கணக்குப் போட்டு ஏற்றியது: நிலவறை தோண்டிய மண்ணைக் கொட்டி முன்தெருவை உயர்த்திவிட்டார்கள், அதனால் முன்னால் நிலவறையாக இருப்பது பின்னால் தோட்ட மட்டத்தில் இருக்கும். நம் தெரு ஏறியதில் கணக்கும் இல்லை, காரணமும் இல்லை, பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதுதான்.

ஒரு சுவரை மட்டும் பக்கத்தில் போய்ப் பாருங்கள்

ஜார்ஜ் டவுனில் எந்தத் தெருவிலும் இப்போது ஒரு வீடாவது இடித்துக் காலியாகக் கிடக்கும். அடுத்த கட்டடம் எழும்புவதற்குள் அந்தக் காலிமனைக்கு வெளியே நின்று பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். நீங்கள் பார்ப்பது பொதுச்சுவரின் உட்பக்கம், போன வீட்டின் அறைகள் அதில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே மட்டத்தில், ஒன்றரை அடிக்கு ஒன்றாக, சதுரச் சதுரமாகக் குழிகள் போகிறதா? அவை முதல் தளத்துக் கட்டைகள் உட்கார்ந்திருந்த இடம். அதற்கு மேல் ஒரு நிறம், கீழ் ஒரு நிறம். மேலே வெளிர்பச்சை, கீழே நீலம் கலந்த சுண்ணாம்பு. சாய்வாக ஏறும் அழுக்குக்கோடு மாடிப்படி. ஒரு மூலையில் மட்டும் புகைக்கறுப்பு, அது சமையலறை. கையகலத்தில் மேல்பக்கம் வளைவாக ஒரு மாடக்குழி, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு, விளக்கு வைத்த இடம். ஆணி ஒன்று, அதைச் சுற்றி வெளுப்பாக ஒரு நீள்சதுரம், காலண்டர் தொங்கியிருக்கும்.

சுவரின் பூச்சு பெயர்ந்த இடத்தில் செங்கல்லைப் பாருங்கள். இன்றைய செங்கல்லைவிட மெல்லியது, நடுவில் இருக்கும் காரை வெள்ளையாக, விரல் நகத்தால் சுரண்டினால் உதிரும். கிளிஞ்சல் சுண்ணாம்பு. பழவேற்காடு ஏரிப் பக்கம் கிளிஞ்சல் எடுப்பது பழைய தொழில். அதை நீற்றி, அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், வெல்லம் எல்லாம் சேர்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்கியதுதான் வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதிய மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு. எல்லா வீட்டிலும் அது இருக்காது, செலவு அதிகம். கூடத்தின் தூணில் கையை வைத்துப் பார்த்து, குளிர்ச்சியாக வழுவழு என்று இருந்தால் அதுதான்.

இடித்த மனையின் ஓரத்தில் தளம் அறுபட்டு நிற்கும், அதையும் விடாதீர்கள். மெட்ராஸ் டெரஸ் தளத்தின் வெட்டுமுகம் இப்படி முழுசாக வேறெங்கும் கிடைக்காது. கீழே தேக்குக்கட்டைகள். அதன்மேல் இந்தத் தளத்துக்கென்றே அறுத்த சின்ன மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி, சுண்ணாம்புக் காரையில் மூலைவாட்டமாக வரிசைபோட்டிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நாலு அங்குலம். இதைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரத்தட்டால் நாள்கணக்கில் அடிப்பார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து. மேலே தட்டோடு இரண்டு வரிசை. கான்கிரீட்டில் கம்பி செய்கிற வேலையை இங்கே கட்டையும் அந்த மூலைவாட்டமும் செய்கின்றன. அண்ணாந்து உள்கூரையைப் பார்த்தால் கட்டைகளுக்கு நடுவே செங்கல் சாய்வாகப் போவது தெரியும், அதை வைத்தே மெட்ராஸ் டெரஸா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

உள்ளே கூப்பிட்டால் தயங்காமல் போங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. ஒட்டுவீட்டில் பக்கத்து ஜன்னல் கிடையாது, ஆகவே வெளிச்சமும் காற்றும் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ மேலேயிருந்தோதான் வரவேண்டும். இங்கிலாந்துக்காரன் வீட்டை இரண்டு அறை ஆழத்தோடு நிறுத்திக்கொண்டு, முன்னறைக்கு முன்னால் ஜன்னல், பின்னறைக்குப் பின்னால் ஜன்னல் என்று முடித்துவிட்டான், மாடியாக ஏறிப்போனான். நம் ஆட்கள் நடுவில் முற்றம் விட்டு, வீட்டை எத்தனை கட்டு வேண்டுமானாலும் நீட்டினார்கள். நடை, முற்றம், கூடம், பின்கட்டு, கிணறு. இன்றைக்கு முற்றத்தை ஃபைபர் ஷீட் போட்டு மூடி, ஒவ்வொரு கட்டிலும் ஒரு குடித்தனமோ குடோனோ இருக்கும். மூடியதும் வீடு இருண்டு, புழுங்கி, சுவர் ஓதம் ஏறத் தொடங்கும். பின்பக்கம் ஒரு ஆள் போகிற அகலத்தில் சந்து இருந்தால், அது கக்கூஸ் அள்ள வந்தவர்களுக்கான வழி. லண்டனில் பின்சந்து குதிரைக்கும் வண்டிக்கும். வீட்டின் முன்வாசலை யாருக்குத் திறக்கவில்லை என்பதை இரண்டு ஊரிலும் பின்சந்துதான் சொல்கிறது.

நீங்களே அப்படி ஒரு வீட்டில் இருந்தால்

முதலில் பத்திரத்தை எடுத்துச் செக்குபந்தியை, அதாவது நாலு பக்க எல்லை விவரத்தைப் படியுங்கள். எந்தப் பக்கச் சுவர் பொதுச்சுவர், எது தனிச்சுவர் என்று பழைய பத்திரங்களில் எழுதியிருப்பார்கள். அதில் ஆணி அடிப்பது வேறு, கட்டை ஏற்றுவது வேறு. இங்கிலாந்தில் இதற்கென்றே 1996இல் தனிச்சட்டம் போட்டார்கள், பொதுச்சுவரில் கை வைக்க இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லவேண்டும். நமக்கு அவ்வளவு விரிவான தனிச்சட்டம் இல்லை, ஆனால் ஒருவர் நிலம் இன்னொருவர் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் தரும் தாங்கலை 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் உரிமையாகவே பார்க்கிறது. பக்கத்தில் கடைக்கால் தோண்டப்போகிறார்கள் என்று தெரிந்தால் சண்டைக்கு முன்னால் போட்டோ எடுங்கள், தேதியோடு, உங்கள் பக்கத்து விரிசல்கள் எல்லாவற்றையும். அப்புறம் பொறியாளர், அப்புறம் வக்கீல்.

இடிப்பதில் உள்ள ஆபத்து இதுதான்: நெருக்கி உட்கார்ந்த பெஞ்சில் நடுவில் ஒருவர் எழுந்தால் இரண்டு பக்கமும் சரிவது மாதிரி, வரிசையில் ஒரு வீடு போனால் இரண்டு பக்கச் சுவருக்கும் தாங்கல் போகிறது. இந்தப் பகுதிகளைத் தொடர் கட்டடப் பகுதி என்று விதிகளில் வகைப்படுத்தியிருப்பதால் பக்கத்தில் இடம் விடாமலே புதுசும் கட்டலாம், ஆனால் புதுக்கட்டடம் தன் எல்லைக்குள் தன் தூணில் தனியாக நிற்கும், உங்கள் சுவரைப் பிடித்துக்கொள்ளாது. நடுவில் இரண்டு மூன்று அங்குல இடுக்கு விழும். அந்த இடுக்கில் சிமென்ட் மூட்டையும் செங்கல் துண்டும் விழுந்து, மழைத்தண்ணீர் தேங்கி, உங்கள் பக்கம் ஓதம் வரும். மேலே தகடு வைத்து மூடச் சொல்லி வேலை நடக்கும்போதே பிடிவாதம் பிடியுங்கள், முடிந்தபின் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசாதீர்கள். கொத்தனார் பூசத்தான் சொல்வார், அவருக்கு அதுதான் பழக்கம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும், ஈரம் உள்ளேயே நின்று, கடற்காற்று உப்பும் சேர்ந்து, நாலு மழைக்குள் பூச்சு வயிறு ஊதி விழும், விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் கிடைக்கும்வரை அப்படியே விட்டுவைப்பதுகூட நல்லது. தளத்தில் ஒழுகினால் மேலே இன்னொரு தளம் போட்டு எடை ஏற்றவேண்டாம். முதலில் தட்டோட்டின் இடுக்கையும் தண்ணீர் இறங்கும் குழாய் வாயையும் பாருங்கள், கட்டையின் முனை சுவருக்குள் போகிற இடத்தில் ஆணியைக் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் முனை உளுத்திருக்கிறது, அதற்கு ஆள் கூப்பிடவேண்டும்.

ஜார்ஜ் டவுனை ஒரு சுற்றுச் சுற்றியபிறகு ராயபுரம் ரயில் நிலையத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். 1856இல் திறந்தது, முன்பக்கத் தூண்களை ராயல் கிரெசன்ட் தூண்களோடு ஃபோனில் ஒப்பிட்டுப் பார்க்கலாம், எது தரையிலிருந்து எழுகிறது, எது மாடியிலிருந்து எழுகிறது என்று. அங்கிருந்து பெரம்பூர் ரயில்வே குடியிருப்பு. ஒரே உரிமையாளர் கட்டிய வரிசைகள், டைப் ஒன்று, டைப் இரண்டு என்று வேலையின் பதவிக்குத் தகுந்தபடி வீட்டின் அளவு. 1774இன் நாலு தரத்தைப் படித்துவிட்டுப் போனால் அங்கே என்ன அளக்கவேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ரயில்வே இடம் என்பதால் டேப்பை வெளியே எடுப்பதற்கு முன் வாசலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.